கண்ணாடிக் குழாயும் கிள்ளான் சம்பந்தமும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-3-1934

சிரஞ்சீவி வாசுவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் சுகமில்லை. சீமைக் குளிரில் நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறோம்.

போன ஞாயிறு ரயிலேறிக் கிள்ளான் போய், கண்டிராக்டர் மீனாட்சிசுந்தரத்தின் மகள் புஷ்பவல்லியை உனக்காகப் பார்த்துவிட்டு வந்தோம். கோபிக்காதே, சும்மா பார்க்கத்தான் போனோம். அவள் பள்ளிக்கூட டீச்சர். கேசரி சாப்பிடும்போது பெண்ணின் அப்பா, தம்பி சீமையில் என்ன படிக்கிறார் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா, கண்ணாடிக் குழாய்க்குள் வெளிச்சம் வரவைக்கிறான் என்று சொல்லிவிட்டாள். விளக்குக் கடை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் சுருங்கிவிட்டது. மானம் போகிறதே என்று பயந்து, நீ முன்பு எழுதியிருந்ததை எடுத்துச் சொன்னேன். குழாயில் கொஞ்சம் வாயு அடைத்து மின்சாரம் விட்டால் ஒளிரும், குழாயின் அளவெல்லாம் இரட்டிப்பானால் வாயுவின் அழுத்தத்தைப் பாதியாக்க வேண்டும், அப்போது அதே வோல்ட்டுக்கு அதே மின்சாரம் ஓடும், ஆகையால் சின்னக் குழாயைப் பார்த்தே பெரியதைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் இரட்டிப்பு, பாதி என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, குடும்பம் இரட்டிப்பானால் சம்பளம் பாதியாகிவிடுமா என்று கேட்டார். உன் அம்மா சமாதானமாக, பாதியானாலும் என் பிள்ளை சிக்கனமானவன் என்றாள். அவர் சம்சாரம் இராஜம்மா கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இனி நமக்கு இங்கே வேலையில்லை என்று நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் பெண் கதவோரம் வந்து நின்றாள். “மாமா, நீளம் மட்டும் ரெட்டிப்பாகி அகலம் அப்படியே இருந்தா அந்த விதி செல்லுமா?” என்று கேட்டாள். தெரியாதம்மா, அவனைத்தான் கேட்கவேண்டும் என்றேன். பெண்ணுக்கு எதற்குக் குழாய்ப் பேச்சு என்று அவள் அப்பா அதட்டினார், அவள் அசையவில்லை. சம்மதமா என்று உன் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். அதற்கு அவள், “அவரு பதில் எழுதட்டும் அத்தை. புரியற மாதிரி எழுதுறாரான்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள்.

ஆகவே அடுத்த கப்பலுக்கே எழுதிவிடு. தமிழில் எழுது, எக்ஸ், வை என்று எழுத்துக்கணக்கெல்லாம் போட்டு மிரட்டாதே. அவள் அப்பா பேருக்கு அனுப்பு, எப்படியும் படித்துச் சொல்லப்போகிறவள் அவள்தான். எனக்கு அனுப்பி நான் விளக்கப் போனால் காரியம் கெட்டுவிடும் என்கிறாள் உன் அம்மா. நீ தீர்க்காயுசாய், நல்ல புத்தியோடு இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறோம். தாமதிக்காதே, செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் எனக்கும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு
உன் அப்பா,
நாராயணன்