சின்னவள் கூப்பிட்ட விருந்தாளி

கடவுள் துணை.

அன்புள்ள அவருக்கு, வணக்கம். ஞாயிறு சாயங்காலம் நம் கூடத்தில் இருந்தவர்கள்: நான், பெரியவள், சின்னவள், மாடிவீட்டு அக்கா, பார்சல் கொண்டுவரும் தம்பி. ஆக ஐந்து பேர். ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் நலம். ஃபோனில் சொல்லலாம் என்றால் பெண்கள் இரண்டும் பிடுங்கிக்கொள்கின்றன, அதனால் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் எது கொடுத்தாலும் இவர்கள் வாய் தேங்க்ஸ் என்கிறது, கண் அடுத்ததைத் தேடுகிறது. எனவே இந்தப் பள்ளிக்கூட லீவுக்கு ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, தங்கள் கையாலேயே எலுமிச்சை பிழிந்து கொடுத்து, எதற்கு நன்றி என்று எதிரே நின்று சொல்ல வேண்டும்.

பெரியவள் மாடிவீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். இவள் சைக்கிள் பழகும்போது பின்னாலேயே ஓடிவந்தாராம். "முட்டி வலி இன்னும் போகலடி" என்றாலும் அக்காவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

சின்னவள் அழைத்தது பார்சல் தம்பியை. பாவம், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இவள் கைகட்டி நின்று, "மாமா, நீங்கதான் எனக்கு கவுன், பொம்மை, ஷூ எல்லாம் வாங்கித் தந்தீங்க. ரொம்ப தேங்க்ஸ். ஆனா ஷூ கடிக்குது. அடுத்த தடவ பெருசா வாங்குங்க" என்றாள்.

அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது. தம்பி, "நான் தூக்கிட்டு வர்ற ஆளு பாப்பா. வாங்கினது உங்கப்பா" என்றார்.

"அப்பா ஃபோனுக்குள்ளதான இருக்காரு? அவரு எப்படிக் கடைக்குப் போவாரு?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அப்புறம் சர்க்கரை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நான் திரும்பி வருவதற்குள் பெரியவள் பூமி உருண்டையைக் காட்டி நீங்கள் இருக்கும் ஊரைப் புரியவைத்திருந்தாள். உடனே சின்னவள், "அப்ப அப்பாவையும் கூப்பிடணும்" என்றாள். ஃபோனிலேயே சொல்லேன் என்றதற்கு, "நீதானம்மா உட்கார வச்சுச் சொல்லணும்னே" என்று என்னையே மடக்கிவிட்டாள். என் சட்டம், நானே மீற முடியுமா?

வீட்டுக் கணக்கை இரண்டு முறை பார்த்துவிட்டேன். போன வருடம் போல நீங்கள் உங்கள் லீவை விட்டுக்கொடுத்துக் கூடுதல் சம்பளம் வாங்க வேண்டிய தேவை இந்த வருடம் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆண்டவன் உங்களுக்குத் துணையிருப்பான். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று சின்னவள் தினமும் கேட்கிறாள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி