‘இங்கே மேடே இல்லையே’ என்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரிக் கதவைத் திறப்பதற்கு முன்பே பலாப்பழ வாசனை வந்துவிட்டது. மலையிலிருந்து யாரோ இறங்கியிருக்கிறார்கள் என்று வாசலைப் பார்க்காமலே தெரிந்தது. வந்தது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒரு பழைய விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் இருந்தவரை நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, நீங்களும் சொல்ல வைத்ததில்லை. யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய் இன்னும் ரேஷனில்தான் கிடைக்கிறது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் முதலில் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பட்டணத்தில் பிரசவம் பார்க்கப் படித்து, சர்டிபிகேட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டி, இந்த அடிவாரத்துக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. தலைகால் புரியாத கர்வம். அன்றைக்குக் காய்ச்சல்காரர்கள் கூட்டம் வாசல் வரை நின்றது. நீங்கள் எட்டு மாதம் கடந்த வயிற்றோடு, பின்னால் உங்கள் வீட்டுக்காரர் ஒரு பலாப்பழத்தைச் சுமந்து வர, உள்ளே வந்தீர்கள்.

வயிறு நன்றாகத் தாழ்ந்து தொங்கியது. மூன்று பிள்ளை சுமந்த வயிறு அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. “மூச்சு லேசா விட முடியுதா?” என்று கேட்டேன்.

“முடியுதுங்க.”

“மேலேயிருந்து எப்படி வந்தே?”

“நடந்துதாங்க.”

எனக்கு அது போதுமாக இருந்தது. கடைசி மாதத்தில் பிள்ளையின் தலை இடுப்புக்குள் இறங்கினால் மேலே இடம் விடும், தாய்க்கு மூச்சு இலகுவாகும் என்று பாடம் படித்திருந்தேன். கையை வைத்தேன். அடிவயிற்றில் உருண்டையாக ஒன்றும் தெளிவாகப் பிடிபடவில்லை. தலை அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் மரக்குழல் மேஜைமேலேயே கிடந்தது. அதை எடுக்கவே இல்லை.

“தலை இறங்கிடுச்சு. பயப்பட ஒண்ணுமில்லை, ஊருக்குப் போ” என்றேன்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. “இல்லீங்க நர்சம்மா. தலை மேலதான் இருக்குது. நெஞ்சுக்குக் கீழ குண்டுக்கல்லாட்ட முட்டுது. ஒதை பூராவும் கீழ விழுகுதுங்க.”

“நீ படிச்சியா, நான் படிச்சேனா?”

இப்படியா கேட்டேன் என்று இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் கோபப்படவில்லை. “நீங்கதானுங்க படிச்சீங்க. சொமக்கறது நானுங்க” என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வேப்பமரத்தடியில் கம்பளியை விரித்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பாவம், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். “மழை பேஞ்சிருச்சு, சாமை வெதைக்கோணும். நர்சம்மாவே ஒண்ணுமில்லைங்கறாங்க, வா போலாம்” என்று கெஞ்சினார். “நீங்க போயி வெதைங்க. நான் புள்ளையோடதான் மலையேறுவேன்” என்றீர்கள். அவர் அன்று மாலையே தனியாக மலையேறினார். நீங்கள் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிக் களி கிண்டினீர்கள்.

மூன்று நாள் அந்த மரத்தடியில் இருந்தீர்கள். போகும்போதும் வரும்போதும் உங்களைக் காணாதவள்போல் நடந்தேன். என்னை அவமானப்படுத்தவே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயசு.

நாலாம் நாள் காலையில் கிணற்றடியில் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவிக்காக ஒரு குடம் இடுப்பிலும் ஒரு குடம் தலையிலுமாகத் தண்ணீர் கொண்டு வந்துகொண்டிருந்தீர்கள். ஒன்பதாம் மாதம்! திட்டலாம் என்று படியிறங்கி ஓடி வந்தேன். ஓடி வந்த எனக்கு இரைத்தது. குடத்தை இறக்கிவைத்த உங்களுக்கு இரைக்கவே இல்லை.

“உனக்கு மூச்சே வாங்காதா?” என்று கேட்டேன்.

நீங்கள் சுற்றுமுற்றும் பார்த்தீர்கள். “எதுக்குங்க வாங்கோணும்? இங்கதான் மேடே இல்லையே” என்றீர்கள்.

அங்கேயே நின்றுவிட்டேன் அக்கா. மலையில் பிறந்து, மலையில் விறகு சுமந்து, மிளகு மூட்டையோடு ஏறி இறங்கிய நெஞ்சுக்குப் பிள்ளையின் தலை மேலேயே முட்டிக்கொண்டிருந்தாலும் மூச்சு வாங்காது. பட்டணத்துப் பெண்களுக்கு எழுதிய பாடத்தை வைத்துக்கொண்டு உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்திருந்தேன். அந்த நொடியில் பயம் வந்தது. உங்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். கை வைக்கும் முன் முதல் தடவையாகக் கேட்டேன், “எங்கே உதைக்குது, காட்டுங்க.”

நீங்கள் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினீர்கள். பிறகு என் கையை எடுத்து உங்கள் நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே வைத்து, “இப்ப லேசாத் தள்ளிப் பாருங்க” என்றீர்கள். தள்ளினேன். கெட்டியான உருண்டை, உடம்பை விட்டுத் தனியாக ஆடித் திரும்பி வந்தது. பிட்டம் அப்படி ஆடாது, தலைதான் ஆடும். மரக்குழலைத் தொப்புளுக்கு மேலே வைத்தேன். துடிப்பு அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. தலை கீழே இருந்தால் அது தொப்புளுக்குக் கீழே கேட்டிருக்க வேண்டும்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றேன்.

“ரெண்டாவது இப்படித்தாங்க இருந்துச்சு. மேலேயே பெத்தேன். காலைப் புடிச்சு இழுத்துட்டாங்க. தலை மாட்டிக்கிச்சு” என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். குரல்கூட மாறவில்லை. முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பீர்கள். நான் கேட்கவில்லை.

அன்றைக்கே உங்களுக்கு உள்ளே கட்டில் போட்டேன். ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான். ‘நீ’ என்ற சொல் அதற்குப் பிறகு என் வாயில் வரவில்லை.

டாக்டர் ஐயாவும் கை வைத்துப் பார்த்துவிட்டு, இனி அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒன்பது நாள் கழித்து, காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு வண்டிகள் போய்க்கொண்டிருந்த காலை நேரத்தில் வலி வந்தது. நீங்கள் சொன்னபடி பிட்டம்தான் முதலில் வந்தது. டாக்டர் ஐயா பக்கத்தில் நின்றார், கை என்னுடையது. பிள்ளையின் உடம்பு தோள் வரை வந்து நின்றபோது என் விரல்கள் இழுக்கத் துடித்தன. இழுக்கக்கூடாது என்று படித்திருந்தும் துடித்தன. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டீர்கள்.

“இழுக்காதீங்க சாமி. அது வரும். நான் தள்ளறேன்.”

தாங்கிப் பிடித்தேன், இழுக்கவில்லை. நீங்கள் தள்ளினீர்கள். தலை வந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை, பிறகு வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறக்கிற மாதிரி ஓர் அழுகை. பெண். நான் அழுதேன், நீங்கள் சிரித்தீர்கள். “இப்ப உங்களுக்குத்தானுங்க மூச்சு வாங்குது” என்று கேலி வேறு.

அதற்குப் பிறகு இருபது வருஷம். வருஷத்துக்கு ஒரு பலாப்பழம் தவறியதில்லை. “மலைக்கு ஒருக்கா வாங்க” என்பீர்கள். “எனக்கு மூச்சு வாங்கும்” என்று தட்டிக்கழிப்பேன். போன மாசி மாதம் சந்தையில் உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காய்ச்சல், நாலே நாள் என்றார்.

மறுநாளே மலையேறினேன். ஒத்தையடிப் பாதை. பத்து எட்டுக்கு ஒரு தடவை பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வந்தவர்கள், “மெல்ல வாங்க நர்சம்மா” என்று காத்து நின்றார்கள். எட்டு மாத வயிற்றோடு, சொல்வதைக் கேட்கிற ஆள் ஒருத்தராவது கீழே இருப்பார்கள் என்று நம்பி, நீங்கள் எப்படிப்பட்ட பாதையில் இறங்கி வந்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தோடு பெருமையும் சேர்ந்து வந்தது. இப்படி ஒருத்தி என்னிடம் வந்தாள், என் பேச்சைக் கேட்காமல் இருந்தாள், அதனால் ஓர் உயிர் பிழைத்தது என்ற பெருமை.

இன்று காலை பலாப்பழத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தது உங்கள் மகள்தான் அக்கா. அன்றைக்கு என் கையில் தலை கடைசியாக வந்தவள். இப்போது அவளுக்குத் தலைச்சன், ஒன்பதாம் மாதம். புருஷன் பழத்தை இறக்கிவைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் மலையிறங்கிய சுவடே தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலில் படுக்க வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன், “எங்கே உதைக்குது கண்ணு?”

அவள் வலது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். “ஒதை மேலதானுங்க. கீழ கெட்டியா, பாரமா இருக்குது. அடிக்கடி ஒதுங்கப் போகோணும். நர்சம்மா மொதல்ல கேப்பாங்க, கேட்டாச் சரியாச் சொல்லோணும்னு அம்மா சொல்லியிருக்குதுங்க.”

அதற்கப்புறம்தான் கை வைத்தேன். தலை இடுப்புக்குள் நன்றாக இறங்கி, நான் அசைத்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. குழலை வைத்தேன், தொப்புளுக்குக் கீழே கணீரென்று துடித்தது. அவள் சொன்னது அத்தனையும் சரி.

இருபது வருஷமாக எந்தப் பெண் வந்தாலும் கை வைக்கும் முன் நான் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். சர்டிபிகேட் மங்கிவிட்டது, கேள்வி அப்படியே இருக்கிறது. இன்று அவளிடம் எல்லாம் கேட்டேன், வலி, வீக்கம், சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

மூச்சு லேசாக விட முடிகிறதா என்று மட்டும் கேட்கவில்லை அக்கா. உங்கள் மகளிடம் போய் அதைக் கேட்பேனா?