ஜெர்மன் பீங்கான்: மண்ணா, கல்லா?

1970, தை 7, செவ்வாய்
அப்பா அந்தக் காலத்துல கலெக்டர் துரைக்காக வாங்கி வச்ச ஜெர்மன் கப்பையெல்லாம் விக்கணுமாம் தம்பி சந்தானத்துக்கு. நாகப்பட்டினத்துலேர்ந்து பீங்கான் வியாபாரி பக்கீர் முகம்மது பாக்க வந்தார். "எலும்புப்பொடி சேர்த்தது, தொட்டா ஸ்நானம் பண்ணுவேன்"னேன். சிரிச்சார். "எலும்பு போடறது இங்கிலீஷ்காரங்கம்மா. ஜெர்மன்காரன் வெள்ளைக் களிமண்ணும் கல்லுப்பொடியும் சேர்த்து பயங்கர சூட்டுல சுடறான்." தங்கம் பண்றேன்னு சொன்ன ஒருத்தனை அந்த ஊர் ராஜா அடைச்சே வச்சானாம். தங்கம் வரலை, இது வந்துதாம்! கப்பை வெயில்ல பிடிச்சார் — உள்ளே விட்ட விரல் நிழலாத் தெரியறது. சுண்டினா பூஜைமணி. ஒரு சாசர் மட்டும் உடைசல்.

தை 8
எலும்பு இல்லை, சரி. மண்ணுன்னா எச்சில் ஊறிடுமே? கல்லுன்னா நம்ம கல்சட்டி மாதிரி, அலம்பினா சுத்தம். இது எதுல சேர்த்தி?

தை 10, வெள்ளி
நம்ம வயல்ல கதிர் முத்தி சாஞ்சு கிடக்கு. கூலி பேசி முடியாம அறுப்பு ஆட்கள் அரிவாள் வைக்க மாட்டோம்கறா. போன தடவை பேச வந்த அவா சங்கத்துக்காரி காத்தாயிக்கு அலுமினிய டம்ளர்ல காபி நீட்டினோம், எழுந்து போயிட்டா. இன்னிக்கு சந்தானம், "ஜெர்மன் கப்புல குடு அக்கா. மரியாதையாவும் இருக்கும், நம்ம பாத்திரத்துலயும் படாது"ன்னான். எனக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டுது. காத்தாயி கப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, அப்புறம் சந்தானத்தைப் பாத்தா. "அழகாத்தான் இருக்கு. ஐயா கையில மட்டும் ஏன் வெள்ளி டம்ளர்? இதுல நீங்க குடிப்பீங்களாம்மா?" காபி ஆறிப்போச்சு. அவளும் போயிட்டா.

தை 11
நெல்லு உதிர ஆரம்பிச்சுடுத்து. பெருமாளே.

தை 12, ஞாயிறு
உடைஞ்ச சாசர் விளிம்புல மஞ்சத்தண்ணி விட்டேன். பக்கத்துல ஓட்டுத்துண்டு ஒண்ணுலயும். ஓடு குடிச்சுடுத்து, தேய்ச்சாலும் போகலை. சாசரைத் துடைச்சேன் — உடைஞ்ச இடம்கூட வெளேர்னு! ஊறவே இல்லை. கல்லுதான். கல்லேதான்!
"இதுக்கா கார்த்தாலேர்ந்து கிணத்தடில உக்காந்திருக்கே?"ன்னான் சந்தானம். ஆமாண்டா, காத்தாயியைத் திரும்பக் கூப்பிடுன்னேன்.

தை 13, திங்கள்
மூணு கப். சந்தானத்துக்கும் அதுலயேதான்; முணுமுணுத்துண்டே வாங்கிண்டான். நான் தூக்கிக் குடிக்கப் பாத்தேன், மூக்குல கொட்டித்து. காத்தாயி சிரிச்சுட்டா. "வாய் வச்சுக் குடிங்கம்மா." வச்சேன். பொறந்ததுலேர்ந்து முதல் தடவை. அவளும் குடிச்சா. அப்புறம்தான் கூலிப் பேச்சே ஆரம்பிச்சுது. அவ கத்தினா, இவன் கத்தினான், சாயங்காலம் ஒரு வழியா ரெண்டு பேரும் ஒத்துண்டா. நாளைக்கு அறுப்பு.
கிளம்பறச்சே, வழக்கம் போல தன் கப்பைத் தானே அலம்ப எடுத்தா. வைம்மான்னேன். மூணையும் நானே அலம்பிக் கவுத்தேன். அவளோடதைத் தனியா வைக்கலாம்னு அப்பவும் கை தேடித்து பாரு — எதுன்னு தெரியலை.