கேட்டவ எங்க, மாப்ள?

ரெட்டிபாளையம்
4.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

போன் பண்ணா ரெண்டு பேரும் பேசாமயே வச்சுடுறோம். அதான் எழுதுறேன். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கு? நான் டியூட்டிக்குப் போறேன், வரேன். பிளான்ட்ல ரெண்டு மீட்டர் மாத்துனோம். வேற சேதி இல்ல.

இதோட ஒரு பென்டிரைவ் இருக்கு. தொண்ணூத்திநாலுல ஊர்த்தெரு வழியாப் பொணம் தூக்கிட்டுப் போனதுக்கு நம்ம காலனி ஆளுங்கள ஜெயில்ல போட்டாங்களே, அதைப் பத்தி பானு ஒவ்வொருத்தரா உக்கார வச்சுக் கேட்டு போன்ல பதிவு பண்ணது. பதினோரு பேரு. காலனிக்குக் குடுக்கணும்னு லேப்டாப்புல சேத்து வச்சிருந்தா. அவ தவறிப்போன இந்த எட்டு மாசமா அப்படியே கெடந்துச்சு. ஃபேன் சத்தம், கோழி, பஸ் ஆரன் எல்லாம் எடுத்துட்டேன். தேவையில்லாத எடத்தையும் வெட்டிட்டேன். சுத்தமாக் கேக்கும்.

உங்க மருமவன்
அறிவரசன்

காலனி, ரஞ்சன்குடி வழி
12.8.2024

மாப்ளைக்கு மாமன் எழுதுறது.

பென்டிரைவ் வந்துச்சு. வேல்முருகன் ஸ்பீக்கர் பொட்டியக் கொண்டாந்து சமுதாயக் கூடத்துல வச்சான். கண்ணையன் அவன் கொரலையே கேட்டுட்டு, "யார்ரா இந்தக் கெழட்டுப்பய, என்னைய மாதிரியே புளுகுறான்"னான். கூடமே சிரிச்சுச்சு.

உங்க அத்தை மொத ஆளா வந்து பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துட்டா. மவ கொரல் கேக்கும்னு. பதினோரு பேரும் பேசி முடிச்சாச்சு, பானு மட்டும் வரல. "எல்லாரும் பேசுறாங்க, கேட்டவ எங்க?"ங்குறா. பொட்டி கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன். தேவையில்லாத எடம்னு எழுதியிருந்தீங்களே மாப்ள, அது எது?

நான் பேசுறது ஓடுனப்ப சின்னப் பயலுவ ரெண்டு மூணு பேரு என்னைய ஒரு மாதிரி பாத்தானுவ. ஏன்னு வெளங்கல. வேல்முருகன் எல்லாத்தையும் வாட்ஸப் குரூப்புல போட்டுட்டான். நேரத்துக்குச் சாப்புடுங்க.

ராசாங்கம்

காலனி
19.8.2024

மாப்ள,

பதிலே காணும். இங்க நெலம சரியில்ல.

இருபத்தேழாந்தேதி தாசில்தார் ஆபீஸ்ல சமாதானக் கூட்டம். சுடுகாட்டுக்குப் போற ஊர்த்தெரு வழிய பொதுப்பாதைன்னு எழுதிக் குடுங்கன்னு நாம மனு போட்டது. இப்ப ஊர்த்தெரு குருமூர்த்தி என் பேச்சை மட்டும் போன்ல வச்சுக்கிட்டு டீக்கடையில போட்டுக் காட்டுறாரு. அதுல நான் இப்படிப் பேசுறேன்: "நாங்களாத்தான் தகராறு பண்ணோம். கடைய நாங்கதான் ஒடச்சோம். அந்தத் தெருவுல பொணம் தூக்குற வழக்கம் எங்களுக்குக் கெடையாது." கூட்டத்துலயும் இதைப் போடப் போறாராம்.

கொரல் என்னுதுதான். சொன்னதும் நான்தான். ஆனா பானு என்ன கேட்டா? "ஸ்டேஷன்ல அடிச்சுக் கையெழுத்து வாங்குனாங்களே, அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருந்துச்சு? அப்படியே சொல்லுங்கப்பா"ன்னா. காயிதத்துல இருந்ததைச் சொன்னேன். அவ கேள்விய எடுத்துட்டா நானே ஒத்துக்கிட்ட மாதிரி நிக்குது.

கண்ணையனும் நானும் ஜெயில்ல ஒரே பாயில கெடந்தவங்க. நேத்து கொழாயடியில வச்சு, "அடிச்சானுவன்னு ஒரு வார்த்த வரலியே. முப்பது வருசம் கழிச்சு வெல போயிட்டியேடா"ன்னுட்டுப் போறான். போன்ல பேசவே பயமா இருக்கு மாப்ள. எதைச் சொன்னா எதை வெட்டுவானுவளோ.

வெட்டாதது இருக்கா? ஒரு வரி எழுதுங்க.

ராசாங்கம்

ரெட்டிபாளையம்
21.8.2024

மாமா,

அவ கேட்டதையெல்லாம் நான்தான் வெட்டுனேன். தெரிஞ்சேதான்.

கம்ப்யூட்டர்ல பேச்சு அலை மாதிரி தெரியும். நீங்க பேசுறது நீளமா, ஏறி எறங்கும். அவ கேக்குறது சின்னச் சின்ன முடிச்சா நடுவுல கெடக்கும். சத்தத்தை அணைச்சுட்டு, கண்ணால பாத்தே அவளை ஒண்ணொண்ணா எடுத்தேன். அவ கொரல ஒரு தடவகூட கேக்கல. கேட்டா அடுத்த நாள் ஷிப்டுக்குப் போக முடியாதுன்னு பயம். பதில்தானே கத, கேள்வி எதுக்குன்னு நெனச்சுட்டேன். மீட்டர் பாக்குறவன் நான், எதைக் கேட்டு எது வந்துச்சுன்னு தெரியாம ரீடிங் எழுதக் கூடாதுன்னு எனக்குத் தெரியணும்.

லேப்டாப்புல இருந்தது மேல வெட்டுனதையே சேவ் பண்ணிட்டேன். அது போச்சு. அவ போன்ல இருக்கும். அன்னைக்கு அணைச்சு பீரோவுல வச்சது. இன்னைக்கு சார்ஜ் போட்டேன், ஆன் ஆச்சு. நாப்பத்திமூணு பதிவு இருக்கு, பேரு இல்ல, நம்பர்தான். எதுல நீங்க இருக்கீங்கன்னு கேட்டாத்தான் தெரியும். கை போவ மாட்டேங்குது மாமா. அது அழிஞ்சிருந்தா உங்களுக்கு நான் என்ன பண்ணி வச்சிருப்பேன்.

மன்னிச்சுக்குங்கன்னு எழுதி அடிச்சுட்டேன்.

அறிவரசன்

காலனி
23.8.2024

மாப்ள,

படிச்சேன். கோவம் வந்துச்சு. அப்பறம் உங்க அத்தைகிட்ட படிச்சுக் காட்டுனேன். "எனக்கும் அவ சேலைய இன்னும் மடிக்க முடியல, அந்தப் புள்ளைய வையாதீங்க"ன்னா.

கேக்க முடியலன்னா போனை அப்படியே கொண்டாந்து குடுத்துடுங்க. நாப்பத்திமூணையும் நான் கேக்குறேன். எனக்கும் அவ மவதான். இருபத்தேழாந்தேதி காலையில பத்து மணி. அதுக்குள்ள வந்தாப் போதும்.

ராசாங்கம்

ரெட்டிபாளையம்
29.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கூட்டம் முடிஞ்சதும் சொல்லாமக் கெளம்பிட்டேன். கோச்சுக்காதீங்க.

போனை உங்ககிட்ட குடுத்துடலாம்னுதான் லீவு போட்டேன். பையில வைக்கப் போறப்ப, நான் கெடுத்ததை உங்க காதுல தேட விடுறது நியாயமில்லன்னு பட்டுச்சு. உக்காந்தேன். பதினேழாவதுல நீங்க கெடச்சீங்க. அதுக்கு முன்னாடி பதினாறு பதிவுல அவ எத்தன தடவ "அப்பறம்?"னு கேட்டான்னு எண்ண ஆரம்பிச்சு விட்டுட்டேன்.

தாசில்தார் முன்னாடி அவ போனைப் போட்டதும் மொதல்ல அவ கேள்விதான் வந்துச்சு. குருமூர்த்தி, "இப்படி முழுசா இருந்தா நான் ஏங்க போடப் போறேன்"னு முனகிட்டு உக்காந்துட்டாரு. பாதைய அளக்க சர்வேயர் வருவாருன்னு மட்டும்தான் எழுதிக் குடுத்திருக்காங்க, அது எப்பன்னு தெரியல. ஆனா கண்ணையன் மாமா வாசல்ல உங்க தோளப் புடிச்சு, "வாடா, டீ வாங்கிக் குடு, பத்து நாளா வஞ்சதுல தொண்ட காஞ்சுபோச்சு"ன்னாரே, அதைப் பாத்தேன். அப்பறம்தான் கெளம்புனேன்.

ஞாயித்துக்கெழம வரேன். அத்தைக்கு வெட்டாதது எல்லாத்தையும் கொண்டாறேன்.

ஒண்ணு சொல்லணும். வேல்முருகன் அதுக்குள்ள முழுசையும் குரூப்புல போட்டு, அது எங்கெங்கயோ போயிருச்சு போலருக்கு. திரும்பி வர்றப்ப அரியலூர்ல மாறி ஏறுன பஸ்ல முன்சீட்டு அம்மா ஒருத்தங்க சத்தமா வச்சுக் கேட்டுக்கிட்டு வந்தாங்க. காயிதம், ஜெயில் எல்லாம் முடிஞ்சு, நீங்க எங்க வூட்டுக்கு வந்தப்ப பதிவு பண்ணதுங்குறதால, கடைசியில என் பைக் சத்தம் கேக்குது. அவ, "இருங்கப்பா, அவரு வந்துட்டாரு"ங்குறா. தூரத்துல நான், "பானு, பசிக்குது"ங்குறேன். "நாடே அடிபட்ட கத ஓடுது, இவருக்குப் பசி"ன்னு சொல்லி சிரிக்கிறா.

அந்தம்மாவும் சிரிச்சாங்க. பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "நல்ல புருசன்டி"ன்னு சொல்லிட்டு அந்த எடத்தை மறுபடி போட்டாங்க.

நான்தான் அவன்னு சொல்லல. எறங்க வேண்டிய எடம் போயிருச்சு, எந்திரிக்கல. அவங்க எறங்குற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

உங்க
அறிவரசன்