சிதம்பரத்துக்கு ஒரு லாகின்

டிச. 15, திங்கள்

விடாத தூறல். மாடியில் துணி மூன்றாவது நாளாக ஈரம்.

இந்த வாரம்:
காடாம்புலியூர் முந்திரிக் கம்பெனி – லாகின்.
மேல்பட்டாம்பாக்கம் மோட்டார் ஸ்பேர்ஸ் – லாகின். பாஸ்வேர்டைச் சுவரில் எழுதியிருக்கிறார், அழிக்கச் சொல்ல வேண்டும்.
சிதம்பரம் ந. மாமா – எல்லாமே முதலிலிருந்து.

புது விதி வந்ததிலிருந்து இதே பாட்டு. வெளிநாட்டுச் சரக்கு எடுக்கிறவர், சரக்கு வந்து இறங்கும் முன்பே, தன் லாகினில், தானே சுங்கத்துக்கு விவரம் அனுப்ப வேண்டும். இதுவரை எங்கள் ஏஜென்சியிலிருந்து அவர்களுக்காக நான்தான் எழுதி அனுப்பினேன். பொங்கலுக்குள் எல்லோரையும் பழக்கிவிட வேண்டும் என்கிறார் முதலாளி. அப்புறம் நான் எதற்கு என்று கேட்டேன். "ஆபீஸ்ல ஒக்காந்து டவுட்டு சொல்லும்மா. பஸ்ல அலைய வேணாம்ல" என்றார். என் நல்லதுக்குத்தான். ஆனால் இருபத்தோரு வருடமாகப் புதன் என்றால் சிதம்பரம். அது போய்விடும்.

டிச. 16, செவ்வாய்

காடாம்புலியூர். பலாமரத்தடியில் லேப்டாப். கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "கொட்டைய ஒடச்சுப் பாக்காம முன்னாடியே எப்புடிம்மா எழுதறது? பொண்ணு பாக்காமயே தாலி கட்ற மாரி இருக்குது." ஓடிபி வந்தது, அவர் கண்ணாடி தேடுவதற்குள் காலாவதி. இரண்டு தடவை இப்படி. மூன்றாவதில் ஜெயம். வரும்போது அரைக் கிலோ பருப்பு கொடுத்தார்.

டிச. 17, புதன்

சிதம்பரம். ஜன்னல் சீட். புதுச்சத்திரம் வரை மழை.

ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். ந. மாமா என் தாய்மாமன் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்களுக்கு முடிச்சுப் போடப் பேச்சு இருந்தது. சீர் விஷயத்தில் அம்மாவும் அவர் அப்பா பெரிய மாமாவும் வாய்த் தகராறு வளர்த்தார்கள், அதோடு சரி. அவருக்கு வேறு இடத்தில் ஆனது. அந்த அக்கா தவறிப்போய் நாலு வருடம். எனக்கு ஆகவே இல்லை. சுங்கப் பேப்பர் எழுதித் தருகிறேன் என்ற சாக்கில்தான் மறுபடி அந்த வாசல் மிதித்தேன்.

கீழ வீதிக் கடை. இந்தோனேசியாவிலிருந்து முந்நூறு ருத்ராட்ச மாலை விமானத்தில் வருகிறது. ஆருத்ரா தரிசனத்துக்கு வரும் ஒரு வெளியூர் அடியார் கூட்டம் சொல்லி வைத்தது. இது பிசகினால் அவருக்கு இந்த மார்கழியே இல்லை.

ஒற்றை விரலால் தட்டுகிறார். அனுப்பியவன் பட்டியலில் மாலைக்கு 109 மணி என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு. மாலை என்றால் நூற்றெட்டு, குழந்தைக்கும் தெரியும். 108 என்று திருத்தச் சொன்னேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

பிறகு இட்லி, கொத்சு. லீவுக்கு வந்தால் பெரிய மாமா எங்கள் இருவரையும் இதே கூடத்தில் மணி கோக்க உட்கார வைப்பார். இவர் கோப்பார், நான் எண்ணுவேன். எழுபது எழுபத்தைந்து வரும்போது பாதத்தைச் சுரண்டுவார். எண்ணிக்கை போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. சாயங்காலம் போதவே போதாது. அந்த நாளெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது.

டிச. 22, திங்கள்

ருத்ராட்சப் பெட்டியைச் சுங்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அறிவித்தது 32,400 மணி, உள்ளே 32,700.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாலைக்கு ஒன்று கூடுதல். மேரு மணி! நூற்றெட்டுக்கு மேல், உச்சியில் தனியாக நிற்கும் ஒற்றை மணி. ஜபத்தில் அதை எண்ண மாட்டார்கள். எண்ணாமலே பழகிய புத்தி எனக்கு. சுங்கத்துக்கு மேருவாவது மண்ணாவது, மணி மணிதான். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் செய்த காரியம்.

திருத்தத்தை அவர் லாகினில் அவரேதான் அனுப்ப வேண்டும். புதன்வரை பொறுக்க முடியாது.

டிச. 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன். முழுக்க என் தப்பு என்று. நடுக்கடையில் கண்ணீர் வேறு, வெட்கக்கேடு.

ந. மாமா ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "மேருவ எண்ணக் கூடாதுன்னு உன் தலையில குட்டிக் குட்டிச் சொன்னது எங்கப்பாதான? அவரு மேல கேஸ் போடச் சொல்லு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த அடியாருங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன் வனஜா. அதான் கஷ்டமா இருக்குது." திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

திருத்தத்தை முழுதும் அவரே அடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். விரல் எங்கும் நிற்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டார். சந்தோஷப்பட வேண்டியவள் பஸ்ஸில் உம்மென்று வந்தேன்.

டிச. 30, செவ்வாய்

பெட்டி வரவில்லை. இருமல். கஷாயம். போனையே பார்த்துக்கொண்டு, பாலைப் பொங்க விட்டேன்.

ஜன. 2, வெள்ளி

சிதம்பரத்தில் இன்று தேர். மதியம் போன். பின்னால் ஒரே மேளம், மாமா கத்துகிறார். "முந்நூறும் வந்துடுச்சி! அவுங்களும் வந்துட்டாங்க! கேக்குதா?" கேட்டது. வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

ஜன. 6, செவ்வாய்

அடுத்த சரக்குக்கு ந. மாமா தானே அனுப்பிவிட்டார். ஒரு பிழை இல்லை. முதலாளி பட்டியலில் சிதம்பரத்துக்கு நேரே டிக் போட்டார். "நல்லா சொல்லிக் குடுத்திருக்கம்மா. நாளைக்கு நீ போவ வேணாம்."

மதியச் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஜன. 7, புதன்

வெயில். பழக்கத்தில் சீக்கிரமே குளித்து, பையில் ஃபைல் வைத்து, பிறகு ஞாபகம் வந்து எடுத்து வைத்தேன்.

ஏழு மணிக்குப் போன்.

"பஸ் ஏறிட்டியா?"

"எதுக்கு மாமா? உங்க வேலதான் முடிஞ்சிடுச்சே."

"முடிஞ்சிடுச்சி. சும்மா வா."

சும்மா அந்த வீட்டுக்குப் போனது கடைசியாகப் பாவாடை தாவணியில்.

முதலாளிக்குப் போன் செய்து லீவு கேட்டேன். "ஏம்மா, ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் சார் இருக்குது."

எட்டே கால் பஸ்.