கல்லில் கடைசி வரி

அக்டோபர் 27, திங்கள்
காலையிலிருந்தே மலைப் பக்கம் கறுப்பு. மழை இல்லை, புழுக்கம் மட்டும். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், என் வீட்டுக்காரருடைய கல்லறைக் கல்லுக்கு வாசகம் கொடுத்து வந்தேன். ஞாயிறு கல்லறைத் திருநாள். அதற்குள் கல் நிற்க வேண்டும். பெயர், பிறப்பு, இறப்பு. கடைசி வரி: "என்றும் உன் கபீலா".

கல் வெட்டும் மாரியப்பன் 'கபிலா' என்று குறிலில் எழுதினார். திருத்தினேன்.

"கபிலைன்னா பசுதானம்மா?"

"பசு இல்லை. ருஷ்யச் சொல். நெடில் போடுங்க."

"என்ன அர்த்தம்மா?"

"மகாராணி மாதிரி ஒன்று."

சோவியத் நாட்டில் இரண்டு வருடம் மெஷின் பயிற்சி முடித்துத் திரும்பிய நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அர்த்தம் கேட்டால் சிரிப்பு. மகாராணி என்பது நானாக வைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள் அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். "இங்கேதான் இருக்கேன்" என்று மூன்று நாளும் பதில் சொன்னேன்.

கால் வீக்கம். கேஸ் புக் செய்ய மறந்தாயிற்று.

28, செவ்வாய்
கேஸ் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள் பர்வீன் வந்தாள். ருஷ்யாவில் டாக்டர் படிப்பு, இப்போது லீவு. மேஜையில் இருந்த வாசகத்தைப் படித்துப் பக்கென்று சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இது… பொம்பளக் குதிரை."

"குதிரையா?"

"ஆமா. தாட்டியா, தொம்தொம்னு நடக்குற பொம்பளையத் திட்டவும் சொல்வாங்க. அங்கிள் சும்மா விளையாட்டுக்குச் சொல்லிருப்பாரு ஆன்ட்டி."

என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். கான்வென்டில் வராந்தாவில் நான் வரும் சத்தத்தை வைத்தே சிஸ்டர்கள் என் பெயரைச் சொல்வார்கள்.

29, புதன்
தூறல். துணி காயவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய ருஷ்ய–ஆங்கில அகராதி. அதையும் பர்வீனின் போனையும் வைத்துக் குறித்தது:

— ஸ்லாவிய மொழிகளில் மிகப் பழைய சொல். செக், போலிஷ்காரர்களிடமும் ஏறக்குறைய இதே.
— எங்கிருந்து வந்தது, யாருக்கும் உறுதியில்லை. லத்தீன் 'கபல்லுஸ்' தூரத்து உறவாக இருக்கலாமாம். அப்படியானால் கான்வென்டில் ஸ்பெல்லிங் பிசகாமல் நான் எழுதிய 'கேவல்ரி'யும், அதாவது குதிரைப்படையும், சொந்தம்.
— இதையே செல்லமாகச் சொன்னால் வெட்டுக்கிளி. வயலினில் தந்திகளைத் தாங்கும் கட்டையும் அதுவே. வீணையில் நாமும் அதைக் குதிரை என்றுதானே சொல்கிறோம். அத்தனை தந்தியின் இழுப்பையும் தாங்குவது. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று பட்டது. அகராதியை மூடப் போனேன்.

அதே பக்கத்தில், மூன்றாவது அர்த்தத்தின் கீழே பென்சில் கோடு. கோணல். ஸ்கேல் வைத்துப் போடுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். 'முற்காலத்தில் குற்றவாளியைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த சாய்வுப் பலகை.'

காபி ஆறிப்போயிற்று.

31, வெள்ளி
சேத்தூர். பஸ்ஸில் நின்றுகொண்டே. அவரோடு பயிற்சிக்குப் போனவர்களில் இப்போது இருப்பது கந்தசாமி ஒருவர்தான்.

"வாங்க மதினி! கண்ணு மங்கிருச்சு. நடையிலயே தெரிஞ்சுக்கிட்டேன்."

நேராகக் கேட்டேன். செருமினார்.

"அது பழைய கேலி. விடுங்க மதினி."

"சொல்லுங்க."

"ஊருக்குத் திரும்பினப்புறம், ஷிப்டு முடிஞ்சு எங்ககூட செத்த நேரம் உக்காந்திருப்பாரு. பொறவு வாட்சைப் பாத்துட்டு, 'வாரேன்டா, கபீலா காத்திருக்கு'ன்னு எந்திரிப்பாரு. நாங்க முதுகத் தடவிக் காட்டுவோம். அம்புட்டுத்தான்."

"காத்திருக்கா என்றா, காத்திருக்கு என்றா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி: "நம்ம பக்கம் பொம்பளைய அப்படிச் சொல்றதுதான மதினி." பிறகு அவரிடம், தணிந்த குரலில்: "உங்க வாயி செத்த சும்மா இருக்காதா?"

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது.

நவம்பர் 1, சனி
மாரியப்பனுக்குப் போன். கடைசி வரியை எடுக்க முடியுமா?

"வெட்டியாச்சேம்மா. தேய்ச்சா பள்ளம் விழும். அங்க என்ன இருந்துச்சுன்னு பாக்குற ஆளெல்லாம் கேப்பாக."

ஊர் கேட்கும். அது வேண்டாம். இருக்கட்டும் என்றேன்.

"நெடில் அச்சா விழுந்திருக்கும்மா, நீங்க சொன்னாப்புல."

பூ, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி.

2, ஞாயிறு
கல் நிற்கிறது. எழுத்துப்பிழை இல்லை. வலது பாதி வெறுமை, அது எனக்கு. தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்த ஃபாதர் குனிந்து படித்தார்.

"கபீலா. அழகான பேரும்மா. யாரு?"

"நான்தான் ஃபாதர்."

இதில் இதுவரை எழுதாதது ஒன்று. அந்த மூன்று நாளும் அவருடைய கை இரண்டையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்குகிறாராம். சம்மதக் கையெழுத்து என்னுடையது. கட்டிய பிறகுதான் அந்தச் சொல் ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து, இங்கேதான் இருக்கேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.