சத்தமில்லாத நீச்சல்

வியாழக்கிழமை, இரவு

இன்று நீச்சல் குளத்தில் உடுத்திருந்த சாரத்தோடு சாடிக் குதித்துவிட்டேன். வெளியில் சொன்னால் மானம் போகும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மகள் ஜெனிஷாவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது நான்தான். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவனுக்குத் தெரிந்தது ஒரே நீச்சல்தான். தலையைத் தூக்கி, அடுத்த அலையைப் பார்த்துக்கொண்டே போவது. குளத்தில் அலை ஏது? தலையைத் தூக்கினால் கால் தாழ்ந்து வேகம் குறைகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. அதற்குள் மாற்றாவிட்டால் கடைசியாகத்தான் வருவாள் என்று கோச் சொல்லியிருந்தார்.

இன்று முதன்முதலாக முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு போனாள். கை போடும் சத்தமே கேட்கவில்லை. கடலில் சத்தம் நின்றால் ஆள் தாழ்ந்துவிட்டான் என்று அர்த்தம். "மக்கா!" என்று கத்திக்கொண்டே சாடினேன். தண்ணீர் குடித்து, இருமி, தலையைத் தூக்கிப் பார்த்தால், அவள் எதிர்ச்சுவரைத் தொட்டு நிற்கிறாள்.

"எப்பா, நீங்க எதுக்கு சாடுனிய?"

கோச்சுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணாச்சி, பிள்ளை தலையத் தாழ்த்திட்டா. உங்க தலைதான் இன்னும் மேல நிக்கு."

ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி என்னை ஒட்டியே நீந்திப் போனாள். தண்ணீரில் ஒரு சின்னச் சுருக்கம், அவ்வளவுதான். இத்தனை வருடம் கடலில் கிடந்திருக்கிறேன். தண்ணீர் ஒருவருக்கு இப்படி வழிவிட்டு நான் கண்டதில்லை. இன்று கண்டேன், அதுவும் என் மகளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை கரையிலேயே நிற்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டால் அவள் நன்றாகப் போகிறாள் என்று அர்த்தம். இதை இன்னும் இரண்டு தடவை எழுதினால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

சத்தம் கேட்காவிட்டால் நன்றாகப் போகிறாள்.

சத்தம் கேட்காவிட்டால்